நடக்கிற எள்ளு

எள்ளு நடக்குமா? நடக்காது. அறுபது வயசாகுது, இதுகூடவா எனக்குத் தெரியாது. இன்னிக்கு என் வீட்டுக்காரருக்குப் பதினாறாம் நாள் காரியம். காலையில தினகரு கிளம்பும்போது ஐயர் எழுதிக் கொடுத்த சாமான் பையை இந்த மீன் தொட்டிகிட்டதான் வெச்சான். நான் பெத்த பிள்ளைதான், ஆனா ஒரு பொட்டலம் ஒழுங்காக் கட்டத் தெரியாது, நூல் அவுந்து எள்ளு பாதி மேஜையில, பாதி தரையில. அப்பனுக்கு எள்ளும் தண்ணியும் இறைக்கப் போறவன் வீட்டிலேயே இறைச்சுட்டுப் போறான்னு யாரோ முணுமுணுத்தாங்க. அதுல நாலு தெறிச்சுத் தண்ணியில விழுந்திருக்கும், அவ்வளவுதான்னு நெனச்சேன். மீனே இல்லாத தொட்டி, எள்ளு கிடந்தா என்ன, கல்லு கிடந்தா என்ன. ஆம்பளைங்க எல்லாம் குளக்கரை மண்டபத்துக்குப் போயாச்சு, பொம்பளைங்க பின்பக்கத்துல இருந்து வீட்டைக் கழுவிக்கிட்டு வர்றாங்க, என்னை மட்டும் ஒரு துரும்பைத் தொட விடலை, இந்தப் பிளாஸ்டிக் சேர்ல உட்கார வெச்சுட்டாங்க. முப்பத்தஞ்சு வருஷமா சும்மா உட்காராத கை சும்மா இருக்குமா? காபி டம்ளர்ல கிடந்த ஸ்பூனைப் புடவையில துடைச்சுட்டு, ஒரு எள்ளை மொண்டு வெளிய போடலாம்னு தண்ணிக்குள்ள விட்டேன். ஸ்பூன் கிட்டப் போகலை, அதுக்குள்ள அது குடுகுடுன்னு ஓடிப்போச்சு. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு இன்னொரு தடவை பார்த்தேன். ஒண்ணு இல்லை, நாலு இல்லை. கல்லு மேல, செடித் தண்டு மேல, கண்ணாடி ஓரமா, ஊசிமுனை கணக்கா, எல்லாம் எள்ளு, எல்லாம் நடக்குது. சிலது நடந்துக்கிட்டே இருந்து திடீர்னு எம்பி நீந்துது, நீந்தி அலுத்துப்போய்க் கீழ விழுந்து மறுபடி நடக்குது. ஒண்ணு பாசியில மூஞ்சியை வெச்சுக்கிட்டு, அதுக்கு மூஞ்சின்னு ஒண்ணு இருக்கோ என்னமோ, நான் பார்க்கறேன்னு ஒரு கூச்சம்கூட இல்லாம எதையோ தின்னுக்கிட்டிருக்கு.

சரக் சரக்னு தென்னந்துடைப்பம் சத்தம். அடுப்படி முடிஞ்சு இப்போ நடுவுல இருக்கற சின்ன ரூம்புக்கு வந்துட்டாங்க. பாக்கியம் அண்ணி குரல்தான் முன்னாடி வருது, துடைப்பம் பின்னாடி வருது. அவரோட அக்கா, எழுபது தாண்டியாச்சு, முட்டி தேய்ஞ்சுபோச்சு, குரல் மட்டும் தேயலை. சாவு விழுந்த வீட்டுல நின்ன தண்ணி ஒரு சொட்டு இருக்கக் கூடாது, கொட்டிட்டுப் புதுசாப் பிடிச்சாத்தான் தீட்டுப் போகும்னு விடிகாலையில ஆரம்பிச்சது. குடம் கவுந்துச்சு, டிரம் கவுந்துச்சு, ஃபிரிட்ஜ்ல இருந்த பாட்டில் எல்லாம் கவுந்துச்சு, ஐஸ் தட்டைக்கூட விடலை, தட்டித் தட்டிச் சிங்க்ல போட்டாங்க. அண்ணியோட மருமக ஹேமா இருக்காளே, வாய்க்கொழுப்பு ஜாஸ்தி, ஆனா நல்ல பொண்ணு, அவ கேட்டா, "அத்தை, அப்போ மொட்டை மாடித் தொட்டி?" அண்ணி ஒரு நிமிஷம் யோசிச்சாங்க. "அது பொதுத் தொட்டிடி. நம்ம வீட்டுத் தீட்டு ஊர்த் தண்ணியில ஒட்டாது." "இன்வெர்ட்டர் பேட்டரியில தண்ணி ஊத்தியிருக்கே?" "அதை மொண்டு குடிக்கிறியா நீ? இல்லைல்ல, விடு." "சாமி அலமாரியில காசிச் சொம்பு இருக்கு அத்தை." "கங்கைக்கு ஏதுடி தீட்டு, கேட்கறா பாரு கேள்வி." நான் இங்க உட்கார்ந்துக்கிட்டு ஒவ்வொரு தீர்ப்பையும் காதுல வாங்கிக்கிட்டிருந்தேன், வக்கீல் மாதிரி. பொதுத் தண்ணிக்குத் தீட்டில்லை. குடிக்காத தண்ணிக்குத் தீட்டில்லை. கங்கைக்குத் தீட்டில்லை. அப்புறம் அவ கேட்டா, "மீன் தொட்டி?" அண்ணி யோசிக்கவே இல்லை. "அதை ஹால் கழுவும்போது பார்த்துக்கலாம். தண்ணியைக் கொட்டிட்டுக் கண்ணாடியைக் காயலான் கடைக்குப் போட்டுடு. வேதாவுக்கும் ஒரு பீடை ஒழியும், பாவம்." பாவம்னு சொன்னாங்க பாருங்க, அதுதான் என் வாயை அடைச்சுடுச்சு. எனக்கு நல்லது பண்றதா நெனச்சுப் பண்றவங்ககிட்ட என்னன்னு சண்டை போடறது.

பீடைன்னு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். வாரம் தவறாம போன்ல அண்ணிகிட்ட இதே புலம்பல்தான். அண்ணி, உங்க தம்பி டிப்போல இருந்து ரிட்டையர் ஆகி வந்தவரு, வீட்டுக்குள்ள ஒரு குளத்தைக் கொண்டாந்து வெச்சிருக்காரு. அண்ணி, ராத்திரி பகல்னு இல்லாம அந்த மோட்டார் குர்ர்ருனு உறுமுது, எனக்குத் தலைவலி. அண்ணி, மீன்கிட்டப் பேசறதுல பாதி என்கிட்டப் பேசினா என் ஆயுசு கெட்டி. டைம் கீப்பர் வேலை பார்த்த மனுஷன், பஸ்ஸு போச்சு வந்துச்சுன்னு எழுதி எழுதிப் பழக்கம், கொளத்தூர்ல இருந்து நாலு தங்க மீனை வாங்கியாந்து ஒவ்வொண்ணுக்கும் பஸ் நம்பரைப் பேரா வெச்சாரு. "வேதா, நாப்பத்திரெண்டு இன்னும் சாப்பிட வரலை பாரு, லேட்டு." "இருபத்தொம்போது சி அவனை ஓவர்டேக் பண்ணுது பாரு, அதிகப்பிரசங்கி." நான் அடுப்படியில இருந்தே கத்துவேன், எனக்கு ஒரு நம்பர் கொடுங்க, அப்பவாவது திரும்பிப் பார்ப்பீங்களான்னு. அவரு சிரிப்பாரு, "நீ ஸ்பெஷல் சர்வீஸ்டி, உனக்கு நம்பர் கிடையாது." பேச்சுக்குக் குறைச்சல் இல்லை. சனிக்கிழமை ஆனா பாத்ரூம்ல ரெண்டு பக்கெட் தண்ணி பிடிச்சு வெச்சுடுவாரு, ஒரு நாள் கிடக்கணுமாம், குளோரின் போகணுமாம், அது வரைக்கும் நான் குளிக்கக் கூடாது. என் தலையில இருக்கற குளோரினைப் பத்தி யாருக்காவது கவலை உண்டா? ஞாயித்துக்கிழமை பனியனோட நின்னுக்கிட்டு முழங்கை வரைக்கும் கையை உள்ள விட்டு, கல்லைத் தடவி, பாசியைச் சுரண்டி, கையைத் துடைக்க மட்டும் என் முந்தானை. எத்தனை துண்டு வாங்கி வெச்சாலும் முந்தானைதான். அந்தப் பாசி வாடை துவைச்சாலும் போகாது. போகாதுன்னு திட்டுவேன். நேத்து பீரோவைத் திறந்து எல்லாப் புடவையையும் முகர்ந்து பார்த்தேன். துவைச்சு வெச்சிருக்கேன். எல்லாத்தையும் துவைச்சுத் தொலைச்சிருக்கேன்.

அன்னிக்கும் இந்தச் சேர்லதான் இருந்தாரு. காபி கேட்டாரு. போட்டுக்கிட்டு வர்றேன், தலை சாய்ஞ்சிருக்கு, மீன் பார்க்கறாருன்னு நெனச்சேன். ரெண்டு தடவை கூப்பிட்டேன், காபி ஆறுதுங்கன்னு. மூணாவது தடவை கோவமாக் கூப்பிட்டேன். சரி, அது வேணாம், அதை எத்தனை தடவைதான் நெனைக்கறது, மனசு அங்கியே போய்ப் போய் முட்டுது. சாயந்திரத்துக்குள்ள வீடு நிறைய ஜனம், ஐஸ் பெட்டி வந்துச்சு, ஹால்ல வேற பிளக் இல்லை, எவனோ ஒரு புண்ணியவான் தொட்டியோட மோட்டாரைப் பிடுங்கிட்டு அதுல ஐஸ் பெட்டியைச் சொருகினான். தப்புன்னும் சொல்ல முடியாது, அந்த நேரத்துல யாருக்கு மீன் ஞாபகம். அவ்வளவு அழுகை, அவ்வளவு கூச்சல் நடுவுல எனக்கு ஒண்ணுதான் காதுல கேட்டுச்சு, இல்லை, கேட்கலை, அந்த உறுமல் நின்னுபோனது. என்ன வீடு இப்படி அமைதியா ஆயிடுச்சுன்னு நெனச்சேன், அவரு போனதாலதான்னு நெனச்சுக்கிட்டேன், மோட்டார்னு தோணவே இல்லை. ரெண்டு நாள் கழிச்சு வாடை வந்தப்பதான் தெரிஞ்சுது, நாலும் வயித்தைக் காட்டி மிதக்குது. தினகரு பாலித்தீன் பையில எடுத்துக்கிட்டுப் போனான். எங்க போட்டேன்னு அவன் சொல்லலை, நானும் கேட்கலை. அவரு இருந்தா கேட்டிருப்பாரு. நாப்பத்திரெண்டை எங்கடா கொண்டு போனே, எந்த டிப்போவுலடா விட்டேன்னு கேட்டிருப்பாரு.

இது புழுவா இருக்குமோ? அய்யய்யோ. செத்ததுல இருந்து புழு வரும்னு சொல்லுவாங்களே. மீன் ரெண்டு நாள் ஊறிக் கிடந்த தண்ணி, அதுல இருந்து கிளம்பினதோ? எனக்கு உடம்பெல்லாம் கூசுச்சு, சேரைப் பின்னாடி தள்ளிக்கிட்டேன், கையை நீட்டி நீட்டிப் பார்த்தேன், ஸ்பூன் பிடிச்ச விரல்ல ஏதாவது ஒட்டியிருக்கான்னு. கொசுப் புழுவா? கார்ப்பரேஷன்ல இருந்து டார்ச் அடிச்சுப் பார்க்க வருவாங்களே, அவங்க காட்டியிருக்காங்க, கொசுப் புழு நெளியும், தலைகீழாத் தொங்கும். இதுங்க நெளியலை. உருண்டையா, மூடின சிப்பி கணக்கா ஒரு ஓடு, அடியில மசிர் மாதிரி என்னமோ சின்னதாத் துழாவுது. புழுவுக்கு ஏது ஓடு? கொஞ்சம் தைரியம் வந்து மறுபடி சேரை இழுத்துப் போட்டுக்கிட்டேன். அப்பதான் செடி கண்ணுல பட்டுச்சு. நல்லாக் கொழுத்து நிக்குது, கவனிக்க ஆளில்லாமலே. அது கடையில வாங்கினது இல்லை. பொங்கல் கழிச்சு அவங்க குலதெய்வம் கோயிலுக்குப் போயிட்டு வர்ற வழியில, மழை பொய்ச்சு ஏரி வத்திப்போய்க் கிடந்துச்சு, நடுவுல ஒரு குட்டை மாதிரிக் கொஞ்சம் தண்ணி. வண்டியை நிறுத்தச் சொல்லி, வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு இறங்கி, சேத்துல கால் புதைய இந்தச் செடியைப் பிடுங்கிக்கிட்டு வந்தாரு. வேரைக் கழுவுங்க, சேறும் சகதியுமா வீட்டுக்குள்ள கொண்டாராதீங்கன்னு நான் கத்தினேன். "கழுவக் கூடாதுடி. இந்த மண்ணுக்குள்ள என்னென்ன முட்டை இருக்கோ. ஏரி வருஷக்கணக்கா காய்ஞ்சு பாளமா வெடிச்சாலும் உள்ள அப்படியே கிடக்கும், மழை பெஞ்சதும் பொரிச்சுக்கிட்டு வரும்." வந்தா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன். "நம்ம பசங்களுக்கு டிஃபன்"ன்னாரு. மீன் பசங்களுக்கு. அப்போ இதுதான் அது. அப்பவே பொரிச்சிருக்கும், ஒண்ணொண்ணா வந்திருக்கும், நாலு மீனும் தலையெடுக்க விட்டிருக்காது, வந்ததை வந்ததைத் தின்னிருக்கும். இப்போ தின்ன ஆளில்லை. அதனாலதான் இவ்வளவு பேரு வெளியில வந்திருக்காங்க, பயமில்லாம. மீன் போச்சேன்னு அழுவறதா, இதுங்க பொழைச்சுதேன்னு, சே, என்ன நெனப்பு இது, சாவு வீட்டுல.

துடைப்பம் நின்னுச்சு. பக்கெட்டை இழுக்கற சத்தம். எங்க பெட்ரூம்புக்கு வந்துட்டாங்க. அங்க கழுவறதுக்கு என்ன இருக்கு, எல்லாம்தான் எடுத்தாச்சே. மெத்தை போச்சு, தலகாணி போச்சு, சட்டை எல்லாம் யார் யாருக்கோ போச்சு, செருப்பு போச்சு, நேத்து சாயந்திரம் என் கழுத்துல இருந்ததும் போச்சு. அதை யாரும் பிடிச்சு இழுக்கலை, நானே கழட்டி அண்ணி கையில கொடுத்தேன், அண்ணிதான் அழுதாங்க. இப்பவும் கை அடிக்கடி கழுத்துக்குப் போகுது, அங்க ஒண்ணும் இல்லைன்னதும் என்ன பண்றதுன்னு தெரியாம காதைத் தடவிட்டு வருது. எல்லாத்தையும் விட்டுட்டேன், வழக்கம்னா வழக்கம்தான், நான் என்ன பெரிய புரட்சிக்காரியா. ஆனா இந்தத் தண்ணி. இது அவரு பிடிச்சு ஊத்தின தண்ணி. கடைசி ஞாயித்துக்கிழமை, ரெண்டு பக்கெட், நான் குளிக்க முடியலைன்னு திட்டின அதே தண்ணி. முழங்கை வரைக்கும் கையை விட்டு அளைஞ்ச தண்ணி. வீட்டுல அவரு தொட்டது எதை எடுத்தாலும் செத்துப்போய்க் கிடக்கு, பேனா கிடக்கு, மூக்குக்கண்ணாடி கிடக்கு. இது மட்டும்தான் நகருது. இதைக் கொட்டிடுவாங்க. பாத்ரூம் சாக்கடையில சலசலன்னு போயிடும், இத்தனை எள்ளும் உள்ள போயிடும், அதுங்களுக்கு என்ன நடக்குதுன்னுகூடத் தெரியாது. எனக்கு இது வேணும். எனக்கு வேணும்னு சொல்லணும், அவ்வளவுதானே, நாலு தெரு கேட்கக் கத்தற வாய்தானே இது? மார்க்கெட்டுல தக்காளிக்காரன் என்னைக் கண்டா கூடையை மூடுவான். இந்தப் பதினாறு நாளா அந்த வாய் எங்க போச்சோ. உட்காருன்னா உட்கார்றேன், சாப்பிடுன்னா சாப்பிடறேன், எந்தப் புடவைன்னு கேட்டா எதுவோ ஒண்ணுன்றேன். இப்போ போய், அண்ணி, நான் பீடைன்னு சொன்ன அந்தத் தொட்டி எனக்கு வேணும், அதுல எள்ளு நடக்குதுன்னு சொன்னா? புருஷன் போன துக்கத்துல இவளுக்குப் புத்தி கலங்கிடுச்சுன்னு தினகரை விட்டு டாக்டர்கிட்டக் கூட்டிப் போகச் சொல்லுவாங்க. ஒரு கிண்ணத்துல கொஞ்சம் மொண்டு சேலைக்குள்ள மறைச்சு வெச்சுடலாமா? திருடியா நான், என் வீட்டுல. வக்கீல் மாதிரி பேசலாம். அண்ணி, இது குடிக்கிற தண்ணி இல்லையே. அண்ணி, ஏரித் தண்ணி கலந்தது, ஏரி பொதுதானே. அண்ணி, நம்ம வீட்டுல சாவு, சரி. இதுங்க வீட்டுல யாரு செத்தாங்க? நல்லா இருக்கு இந்தக் கடைசிக் கேள்வி. மனசுக்குள்ள எல்லாம் நல்லாத்தான் இருக்கு.

"வேதா, கொஞ்சம் காலைத் தூக்கிக்கம்மா, தண்ணி வருது." அண்ணி வந்தே வந்துட்டாங்க. புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் சொருகிக்கிட்டு, கையில மக்கு, பின்னாடி ஹேமா காலிப் பக்கெட்டோட. நான் காலைத் தூக்கலை. "ஹேமா, அந்தப் பக்கம் பிடி, மக்குல மொண்டு பாதியை எடுத்துட்டு அப்புறம் தூக்கலாம், கண்ணாடி கனம்." அண்ணி மக்கைத் தண்ணிகிட்டக் கொண்டு போறாங்க. என் கை அது பாட்டுக்குப் போய் அவங்க மணிக்கட்டைப் பிடிச்சுக்கிச்சு. எனக்கே தெரியலை. அண்ணி என்னைப் பார்த்தாங்க. "என்னடி?" வக்கீலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. விரலை மட்டும் நீட்டிக் காட்டினேன். அண்ணி குனிஞ்சாங்க. கண்ணுல புரை எடுத்து ஆறு மாசம்தான் ஆகுது, நல்லாத் தெரியும். "எள்ளு விழுந்திருக்கு. உன் பிள்ளை பண்ண வேலை. அதுக்கென்ன இப்போ?"

"நல்லாப் பாருங்க அண்ணி."

பார்த்தாங்க. மூக்கு கண்ணாடியில முட்டற வரைக்கும் குனிஞ்சு பார்த்தாங்க. "அடி ஆத்தி!" மக்கு கையில இருந்து நழுவி டமார்னு விழுந்துச்சு. "எள்ளு ஓடுதுடி! ஹேமா, இங்க வா, இந்தக் கண்றாவியை வந்து பாரு." ஹேமாவும் குனிஞ்சா. "ஐயோ அத்தை, க்யூட்டா இருக்கு"ன்னா. "க்யூட்டாம், போடி இவளே." அண்ணி நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாங்க. என் கை இன்னும் அவங்க மணிக்கட்டை விடலை. நான் சொன்னேன், என் குரல் எனக்கே யாரோ பேசற மாதிரி இருந்துச்சு. "கொட்ட வேணாம் அண்ணி. அவரு ஏரியில இருந்து கொண்டாந்தது. அவரு ஊத்தின தண்ணி. எனக்கு வேணும் அண்ணி."

"நீதானேடி எப்போ பார்த்தாலும் பீடை பீடைன்னு..."

"ஆமாம், சொன்னேன். அவரையும்தான் தினம் ஒரு பேரு சொல்லித் திட்டினேன். வேணாம்னா சொன்னேன்?"

அண்ணி ஈரக் கையால மூக்கைத் துடைச்சுக்கிட்டாங்க. "கை விட்டு அளைவானா இதுல?"ன்னு கேட்டாங்க. "முழங்கை வரைக்கும் விடுவாரு." "சின்ன வயசுல கிணத்தடியில நிக்க வெச்சு நான்தான் குளிப்பாட்டுவேன். வாளிக்குள்ள கையை விட்டா எடுக்க மாட்டான். ஜலதோஷம் பிடிச்சுச் சாவேடான்னு முதுகுலயே ஒண்ணு வெப்பேன்." சொல்லிட்டு நாக்கைக் கடிச்சுக்கிட்டாங்க. ஹேமா வேற பக்கம் திரும்பிக்கிட்டா. அண்ணி தொண்டையைக் கனைச்சுக்கிட்டு, பழைய குரலுக்கு வந்தாங்க. "இருந்தாலும் முறைன்னு ஒண்ணு இருக்கு. நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா பாக்கியம் சரியாக் கழுவலைன்னு என்னைத்தான் சொல்லுவாங்க. ஒரு சொம்பு மொண்டு கொட்டிடுவோம். மொண்டு கொட்டிப் புதுத் தண்ணி ஒரு சொம்பு ஊத்திட்டா எல்லாத்தையும் கொட்டினதுக்குச் சமானம்." எந்த சாஸ்திரத்துல இருக்குன்னு நான் கேட்கலை, இருக்கட்டும், அவங்க சொன்னா சாஸ்திரம்தான். "ஊத்தறது குழாய்த் தண்ணி வேணாம் அண்ணி, குளோரின் இருக்கும், ஒரு நாள் கிடக்கணும்"னேன். "நாளைக்கு ஊத்திக்கோ, தாயே."

ஹேமா சொம்பு கொண்டாந்தா. அண்ணி முக்கி எடுத்தாங்க. எடுத்துப் பார்த்தா சொம்புக்குள்ள ஓடுது, ஏழெட்டு. சாக்கடைகிட்டப் போன அண்ணி அங்கியே நின்னாங்க. சொம்பையும் பார்க்கறாங்க, என்னையும் பார்க்கறாங்க. "இது வேறயா"ன்னு முனகிக்கிட்டே திரும்பி வந்து, ஈரத் தரையிலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துட்டாங்க, முட்டி வலின்னு பாய்லகூட உட்கார மாட்டாங்க. "ஏய் ஹேமா, டீ வடிகட்டியைக் கொண்டா." "அது ஓட்டை பெரிசு அத்தை, இது கீழ இறங்கிடும்." "அப்போ மல் துணி. எதையாவது கொண்டாடி." நானும் சேர்ல இருந்து இறங்கி எதிரே உட்கார்ந்தேன். பதினாறு நாளா உட்கார வெச்ச இடத்துல இருந்து நானா எழுந்திரிச்சது இதுதான் முதல் தடவைன்னு நெனக்கறேன். ஒரு கிண்ணத்து மேல துணியைப் போட்டு அண்ணி கொஞ்சம் கொஞ்சமா ஊத்தறாங்க, நான் துணியில ஒட்டினதை ஸ்பூன் நுனியால எடுத்துத் தொட்டியில விடறேன். வெளிய எடுத்ததும் இறுக்க மூடிக்கிட்டு நிஜ எள்ளு மாதிரியே கிடக்குது, செத்துடுச்சோன்னு மனசு பதறுது, தண்ணி பட்டதும் திறந்துக்கிட்டு ஒரே ஓட்டம். "அதோ ஒண்ணு, உன் கட்டை விரல்கிட்ட." "அது நிஜ எள்ளு அண்ணி, தினகரு கொட்டினது." "நல்லாப் பார்த்தியா? தண்ணி விட்டுப் பாரு." தண்ணி விட்டுப் பார்த்தோம். நிஜ எள்ளுதான். ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துடுச்சு, காரிய வீட்டுல, சத்தம் போட்டுச் சிரிச்சோம், அண்ணிக்கு இருமல் வர்ற அளவுக்கு. கீழ வேன் சத்தம் கேட்டுச்சு. ஹேமா பால்கனியில இருந்து எட்டிப் பார்த்து, "அத்தை, வந்துட்டாங்க, ஐயரும் வர்றாரு"ன்னா. "வாசல்லயே நிக்கச் சொல்லு, இன்னும் முடியலைன்னு சொல்லு"ன்னாங்க அண்ணி, துணியை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு. சொம்புத் தண்ணி மட்டும் சாக்கடையில போச்சு. முறை முடிஞ்சுது.

அண்ணி எழுந்திரிக்கலை. அப்படியே தொட்டிக்குள்ள பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. "ஆமா, இதுங்களுக்குத் தீனி என்னடி போடுவே?"ன்னு கேட்டாங்க. அட, ஆமாம். எனக்கு எங்க தெரியும். மீன் தீனி டப்பா இருக்கு, அதைப் போடலாமா, பெரிசா இருக்குமே, அரைச்சுப் போடணுமோ, பாசியே போதுமோ. "இருங்க அண்ணி, கேட்டுடறேன்"னு சொல்லிட்டு நான் பெட்ரூம் பக்கம் திரும்பிச் சத்தமாக் கூப்பிட்டேன். "ஏங்க! இதுங்களுக்கு என்னங்க போடணும்?"

கூப்பிட்ட அப்புறம்தான் எனக்கு உறைச்சுது. பின்னாடி ஹேமா பக்கெட்டைக் கீழ வெச்ச சத்தம் கேட்டுச்சு. அண்ணி என்னைத் திருத்துவாங்கன்னு நெனச்சேன். திருத்தலை. அவங்களும் அந்த ரூம் வாசலையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் காத்துக்கிட்டிருந்தோம்.